வானம் பார்த்த வண்டி

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. இயற்பியல் மாணவன், இலத்தூர்)

திறந்த கார் என்று சொன்னவுடன் நம் பக்கத்து மக்களின் மனக்கண்ணில் எழுவது யார்? கடற்கரைச் சாலையில் தலைமுடி பறக்கக் காரோட்டிச் செல்லும் திரைப்பட நாயகனா? அவனும் வருவான். ஆனால் அவனுக்கு முன்னால் வந்து நிற்பவர் கல்யாண மாப்பிள்ளைதான். நாதசுரமும் தவிலும் முன்னே செல்ல, காஸ் விளக்குகள் இருபுறமும் வர, கழுத்து நிறைய மாலையுடன், கூரை மடக்கிய பழைய அமெரிக்கக் காரின் பின்னிருக்கையில் வியர்த்து வழிந்தபடி பவனி வருவாரே, அவரேதான்! அந்தக் காருக்கு மேல் கியர் ஒன்று உண்டு என்பதை ஊர்வலத்தில் யாரும் கண்டதில்லை. தவில்காரர் நின்றால் கார் நிற்கும், நடந்தால் நகரும். ஒரு மாலைப் பொழுதுக்கு வாடகை. மறுநாள் மாப்பிள்ளை பேருந்தில் போவார்.

மாப்பிள்ளையை விட்டால் தலைவர்கள். 1974 முதல் சுதந்திர நாளன்று சென்னைக் கோட்டையில் முதலமைச்சர் கொடியேற்றுகிறார் அல்லவா? அதற்கு முன் அவர் அணிவகுப்பைப் பார்வையிடுவது திறந்த ஜீப்பில் நின்றபடிதான். அமெரிக்க அதிபர் கென்னடி 1963 நவம்பர் 22 அன்று டல்லாஸ் நகரில் சுடப்பட்டபோது சென்றுகொண்டிருந்ததும் திறந்த காரே. அந்த லிங்கன் காருக்கு மாட்டிக் கழற்றும் கண்ணாடி போன்ற கூரை ஒன்று இருந்தது. வானிலை நன்றாக இருந்ததால் மாட்டவில்லை. மக்கள் அவரைப் பார்க்க வேண்டும் என்பதுதான் திறந்த காரின் நோக்கம்.

ஆக, நாம் அறிந்த திறந்த கார்கள் எல்லாம் பிறர் பார்ப்பதற்காகத் திறந்தவை. நான் எழுத வந்த இன்பம் அது அன்று. தானே ஓட்டி, தானே பார்த்துச் செல்பவனின் இன்பம் வேறு. படாடோபம், பணக்காரக் கொழுப்பு என்று அதை ஒரே சொல்லில் தள்ளிவிடும் நண்பர்கள் நம் வகுப்பிலேயே உண்டு. அவர்களோடு வழக்காடவே இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கார் பிறந்தபோதே கூரையோடு பிறக்கவில்லை. 1886-இல் ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் உரிமம் பெற்ற மூன்று சக்கர வண்டிக்குக் கூரை கிடையாது. 1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி கார்களிலும் துணிக் கூரையை மடக்கும் வகையே வெகுகாலம் மலிவாகக் கிடைத்தது. அன்று தகரக் கூரையும் கண்ணாடிக் கதவும்தான் சீமான்களின் சொத்து. 1920-களின் இறுதிக்குள் மூடிய கார்கள் மலிந்தன. கூரை எல்லார்க்கும் வந்தது. வந்ததும், கூரையில்லாமை சீமான்களின் சொத்தாகிவிட்டது! ஏழையின் கம்பங்கூழ் நட்சத்திர ஓட்டலில் வெள்ளிக் கிண்ணத்தில் ஏறிய கதைதான்.

ஆனாலும் ஆசை சீமான்களோடு நின்றதா? அமெரிக்காவில் பாதுகாப்பு விதிகள் கடுமையாகும் என்ற அச்சத்தில், 1976-இன் காடிலாக் எல்டொராடோதான் அந்நாட்டின் கடைசித் திறந்த கார் என்று விளம்பரம் செய்து விற்றார்கள். ஆறே ஆண்டுகள், 1982-இல் கிரைஸ்லர் நிறுவனம் மீண்டும் திறந்த காரைக் கொண்டுவந்தது. 1989-இல் ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் எம்.எக்ஸ்.5 என்ற சிறிய இருவர் காரை வெளியிட்டது. அது 2016-இல் பத்து இலட்சமாவது வண்டியைத் தொட்டது. பத்து இலட்சம் பேருமா கோடீசுவரர்கள்?

நம் நாட்டில் இந்த ஆசைக்கு ஜீப்தான் வடிகால். 1940-களின் இறுதியிலிருந்து மகிந்திரா ஜீப், 1985-இலிருந்து மாருதி ஜிப்சி. 1998-இல் கோவாவில் சான் ஸ்டார்ம் என்று ஓர் அழகிய இருவர் கார் செய்து பார்த்தார்கள், அதிகம் விற்கவில்லை. 2020-இல் புதிய மகிந்திரா தார் வந்தபோது துணிக் கூரையை மடக்கும் வகையும் அதில் இருந்தது. குற்றாலச் சீசனில் கேரள எண் பலகையோடு வரும் அத்தகைய வண்டிகளை நம் பக்கத்தில் பார்க்காதவர் இருக்க முடியாது.

விடுமுறைகளில் தென்காசியில் ஒரு பட்டறையில் நான் வேலை செய்கிறேன். பழைய ஜீப் ஒன்றை அங்கே பழுது பார்த்து முடித்த நாள், பட்டறை அண்ணாச்சி சாவியை என் கையில் கொடுத்து, "செங்கோட்டை வரைக்கும் போயிட்டு வால. பார்த்துப் போ, பிரேக்கு புதுசு" என்றார். ஓட்டுநர் உரிமம் வாங்கி நான்கே மாதம். படுதாவைச் சுருட்டிப் பின்னால் கட்டியிருந்தது. ஆடி மாதம். செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்றைப் பற்றித் தென்காசிக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

போகும்போது செங்கோட்டை, திரும்பும்போது இலஞ்சி வழியாகக் குற்றாலத்தை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். (அண்ணாச்சி இந்த மலரைப் படிக்க மாட்டார்.) நான் பிறந்ததிலிருந்து பார்க்கும் மலைதான். ஆனால் பேருந்துச் சன்னலுக்குள் அது துண்டு துண்டாகத்தான் வரும். அடிவாரம் தெரிந்தால் உச்சி தெரியாது. அன்றைக்கு மலை முழுதாக இருந்தது. மேகம் உச்சியிலிருந்து வழிந்து இறங்குவதைக் கழுத்தை வளைக்காமல் பார்க்க முடிந்தது. நாற்றங்காலின் ஈர மணம் ஒரு வளைவில். அடுத்த வளைவில் தேங்காய் நார் ஊறும் நாற்றம். ஒரு தோப்பைக் கடக்கும்போது காற்று சட்டெனக் குளிர்ந்து, தோப்பு முடிந்ததும் மீண்டும் வெதுவெதுப்பானது. மூடிய காரில், அதுவும் குளிர்சாதனக் காரில் போகிறவருக்குத் தென்காசியும் ஒன்றுதான், திருச்சியும் ஒன்றுதான்.

வேகமும் பெரிதாகத் தோன்றுகிறது. மணிக்கு நாற்பது கிலோமீட்டரே எண்பது போல் இருக்கும். ஆகவே திறந்த வண்டிக்காரன் பறக்க வேண்டிய அவசியமில்லை; மெதுவாகப் போயும் மகிழலாம்.

இயற்பியல் மாணவன் என்பதால் அன்று சில விந்தைகளையும் கவனித்தேன். சாரல் பெய்துகொண்டிருந்தது, நான் நனையவில்லை! வண்டி ஓடும்போது முன்கண்ணாடியில் மோதும் காற்று மேலெழும்பித் தலைக்கு மேலாகப் பாய்கிறது. நுண்ணிய சாரல் துளிகளையும் அது தன்னோடு தூக்கிச் சென்றுவிடுகிறது. தொடர்வண்டிக் கேட் மூடியிருந்ததால் வண்டியை நிறுத்தினேன். அரை நிமிடத்தில் சட்டை ஈரம். ஓடினால் கூரை உண்டு; நின்றால் இல்லை! இன்னொன்று: காற்று முன்னாலிருந்து அடிக்கும் என்று நினைப்போம். முகத்தில் படுவதோ பின்னாலிருந்து வருகிற காற்று. முன்கண்ணாடிக்குப் பின்னே அழுத்தம் குறைவதால், தாண்டிப் போன காற்று சுழன்று முதுகுப்புறமாகத் திரும்பி வருகிறது; தலைமுடி முன்னோக்கிப் பறக்கிறது. விலை உயர்ந்த கார்களில் இருக்கைக்குப் பின்னால் ஒரு வலைத்தடுப்பு வைப்பது இதைத் தடுக்கத்தான். திரும்பும்போது படுதாவைப் போட்டுப் பார்த்தேன். வேகம் கூடக் கூட அது உள்நோக்கி அமுங்கவில்லை, வெளிநோக்கிப் பூரி போல உப்பியது. மேலே ஓடும் காற்றின் அழுத்தம் குறைவு, உள்ளே அசையாத காற்றின் அழுத்தம் அதிகம். பெர்னூலி விதியை வகுப்பில் இரண்டு முறை எழுதியும் மனத்தில் தங்காதது, இலஞ்சிச் சாலையில் தங்கிவிட்டது.

"நம் வெயிலுக்குத் திறந்த காரா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சித்திரை வெயிலில் எவனும் படுதாவைத் திறக்கப் போவதில்லை. ஆனால் மழைக்குப் பேர்போன இங்கிலாந்துதானே எம்.ஜி., டிரயம்ப் முதலிய திறந்த கார்களின் தாயகம்? எப்போதோ வரும் நல்ல வெயிலுக்காக அவர்கள் ஆண்டெல்லாம் அந்தக் காரை வைத்திருக்கிறார்கள். நமக்கு ஆனி, ஆடி, ஆவணி என்று மூன்று மாதம் இருக்கிறதே!

ஆபத்து என்பார்கள். அது உண்மை, அதை மறைக்கக் கூடாது. செருப்புப் பெட்டியை மூடியோடு முறுக்கிப் பாருங்கள், பிறகு மூடியை எடுத்துவிட்டு முறுக்குங்கள், வேறுபாடு விளங்கும். இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு உடலே சட்டம். கூரையும் அந்தப் பெட்டியின் ஒரு பக்கம். அதனால்தான் அவற்றைத் திறந்த காராகச் செய்யும்போது அடிப்பகுதியில் இரும்பைச் சேர்த்து வலுப்படுத்துகிறார்கள்; கூரை போனபின் எடை கூடுகிறது என்பது வேடிக்கை. ஜீப்புக்கு ஏணி போன்ற தனிச் சட்டம் அடியில் இருப்பதால் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் கவிழ்ந்தால் தலையைக் காக்க மேலே வலுவான கம்பிக் கூடும், இருக்கைப் பட்டையும் கட்டாயம் வேண்டும். பழைய காரைக் கொண்டுவந்து, "கூரையை அறுத்துத் தாங்க" என்று கேட்கும் இளைஞர்கள் பட்டறைக்கு வருவதுண்டு. அண்ணாச்சி துரத்திவிடுவார். தயாரிப்பாளர் செய்து பதிவான அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது.

இனி, இந்தப் பேச்சை வீட்டில் எடுத்தபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அம்மா நடவுக்கும் களைபறிக்கும் போகிறார். தார் வண்டியின் விலை பத்து இலட்சத்தைத் தாண்டும் என்றேன். அம்மா சிரித்துவிட்டார். "பத்து லெச்சம் கொடுத்துட்டு மேல மூடிகூட இல்லாத வண்டியா? நாங்க தெனமும் அதுலதானலே போறோம்!"

அம்மா சொன்னது லோடு ஆட்டோவை. விடியற்காலை ஐந்தரைக்கு ஊர் முனையில் வந்து நிற்கும். பதினைந்து இருபது பெண்கள், தூக்குச் சட்டியும் மண்வெட்டியுமாக நின்றபடியே போவார்கள். மேலே வானம், சுற்றிலும் மலை, முகத்தில் காற்று. நான் மேலே வருணித்த அத்தனையும் அதில் உண்டு. சொல்லப் போனால் அம்மா பாட்டுப் பாடிக்கொண்டு போவதும் உண்டு. பிறகு என்ன வேறுபாடு?

மழை வந்தால்தான் வேறுபாடு. ஜீப்காரன் ஓரமாக நிறுத்திப் படுதாவை இழுத்துப் போடுவான். இவர்கள் உரச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொள்வார்கள். ஜீப்பில் பட்டையும் கம்பியும் உண்டு. இங்கே பிடித்துக்கொள்ளப் பக்கத்து ஆளின் தோள்தான். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்பது சட்டம். சோதனை இருக்கும் இடத்துக்கு முன்பே இறக்கிவிட்டு, நடந்து வரச் சொல்லி, அப்பால் ஏற்றிக்கொள்வார்கள். 2021-இல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது பெரிய உதவிதான். ஆனால் அந்த வேளையில், அந்த வயற்காட்டுக்குப் பேருந்து கிடையாது.

அம்மா சிரித்ததைக் கேட்டபின் திறந்த காரின் மேல் எனக்கு வெறுப்பு வந்திருக்க வேண்டும் என்று நண்பர்கள் எதிர்பார்க்கலாம். வரவில்லை. இன்பம் எது என்பது தெளிவானது, அவ்வளவே. கூரை இல்லாததில் அன்று இன்பம். கூரை நம் கைக்குள் இருப்பதில்தான். வேண்டும்போது திறக்கலாம், வேண்டாதபோது மூடலாம். அந்த உரிமைக்குத்தான் பத்து இலட்சம் கொடுக்கிறார்கள், கொடுக்கட்டும். மழைக்காலத்தில் வயலுக்குப் போகும் பெண்களுக்கு நாலு பக்கமும் அடைத்து, இருக்கை போட்ட ஒரு வேன் வேண்டும். கூலிக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரியும் நில உரிமையாளரும் சேர்ந்தால், ஆளுக்குச் சில ரூபாயில் முடிகிற காரியம். சன்னல் பெரிதாக இருக்கட்டும். அவர்களுக்கும் மலையைப் பார்க்கப் பிடிக்கும்.

படிப்பு முடிந்து வேலை கிடைத்தால், தென்காசிப் பதிவெண்ணோடு ஒரு பழைய ஜீப்பாவது வாங்குவேன். இலத்தூர் மதுநாதசுவாமி கோயில் முன் நிறுத்தி எலுமிச்சம்பழம் வைத்து எடுப்பேன். சனீசுவரர் சந்நிதிக்குப் பேர்போன ஊரில் வண்டி வாங்கிவிட்டு அதைச் செய்யாமல் இருக்க முடியுமா? அம்மா முன்னிருக்கையில். இலத்தூர் விலக்குப் பக்கம் வரும்போது, "ஊரே பாக்குது, மேல மூடுலே" என்பார். மூடிவிடுவேன். தென்காசிச் சாலையில் ஏறியதும் திறக்கச் சொல்வாரா என்றுதான் பார்க்க வேண்டும்.