கணினிக்குக் குரல் வாங்கப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க

பெரியப்பா வீட்டுக் கம்ப்யூட்டருக்குத் தமிழ் வாசிக்கிற மென்பொருள் போட்டுக் கொடுக்கப் போனேன். போட்டு முடிக்கிறதுக்குள்ள மார்க்கையன்கோட்டையில பாதிப் பேர் யோசனை சொல்லிட்டாங்க. எல்லாருக்கும் ஒரே பாட்டுதான். "குரல் நல்லா இருக்கணும்ப்பா, மிஷின் மாதிரி பேசக் கூடாது." அந்தப் பாட்டைப் பத்தித்தான் இந்தப் பதிவு. காரம் கொஞ்சம் கூடுதலா இருக்கும், பொறுத்துக்கோங்க.

பெரியப்பா ரெண்டு போகம் நெல்லு வெள்ளாமை பார்த்தவர். கண் அழுத்த நோய் வந்து, கொஞ்சம் கொஞ்சமா பார்வை போயிருச்சு. அதுக்கு முன்னாடி டீக்கடையில பேப்பர் வந்ததும் முதல் ஆளா எடுத்து, கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சிட்டுத்தான் கீழே வைப்பார். இப்ப அவருக்கு என்ன வேணும்? பெரியாறு அணையில இன்னைக்கு எத்தனை அடி, எத்தனை கனஅடி திறந்திருக்காங்க, நெல் கொள்முதல் விலை என்ன, பேங்க்ல இருந்து வந்த கடுதாசியில என்ன எழுதியிருக்கு. எல்லாமே எண்ணு. எண்ணைத் தப்பா வாசிக்கிற குயில் குரலை வெச்சு அவர் என்ன செய்யுறது?

முதல்ல ஒரு கடையில காசு கொடுத்து ஒண்ணு வாங்கினோம். கடை பேரும் வேண்டாம், மென்பொருள் பேரும் வேண்டாம். குரல் அப்படியே ரேடியோ அறிவிப்பாளர் மாதிரி. பெரியம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. நான் ஒரு வரியைக் கொடுத்தேன்: "கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர்". அது என்ன வாசிச்சது தெரியுமா? "பதினான்கு... எழுநூற்று ஏழு ஏக்கர்." கால்புள்ளியில மூச்சு வாங்கிட்டுப் போகுது! பெரியப்பா சிரிச்சிட்டார். "ஏப்பா, பதினாலு ஏக்கருக்காப்பா இம்புட்டுத் தண்ணி?" அடுத்து "136.40 அடி" கொடுத்தேன். புள்ளியில வாக்கியத்தையே முடிச்சிட்டு, "நாற்பது அடி"ன்னு புது வாக்கியம் ஆரம்பிச்சது. 142 அடி வரைக்கும் தேக்கலாம்னு உச்ச நீதிமன்றம் 2014-ல சொன்ன நாள்ல இருந்து இந்தப் பக்கம் ஒவ்வொரு அடியையும் எண்ணிக்கிட்டு இருக்கோம். எங்ககிட்ட வந்து நாற்பது அடிங்குது. திருத்த வழி இருக்கான்னு கடையில கேட்டா, "அடுத்த வெர்ஷன்ல வரும் சார்". வரும், வரும்.

தமிழை வாசிக்கிறது மிஷினுக்குச் சுலபம்னு ஒரு நினைப்பு நம்மகிட்ட இருக்கு. எழுதுற மாதிரியே வாசிக்கிற மொழிதானே! எங்கே? ஒரே 'க' தான். கடல்ல ஒரு சத்தம், தங்கத்துல ஒரு சத்தம், அகத்துல வேற ஒரு சத்தம். இது வரைக்கும் விதி போட்டு மிஷினுக்குச் சொல்லிக் கொடுத்துடலாம். முதல் எழுத்தா, மெய் இரட்டிச்சு வருதா, மெல்லினத்துக்குப் பின்னாடி வருதான்னு பார்த்தாப் போதும். ஆனா 'பஸ்', 'பாரதி', 'காந்தி'? விதிப்படி வாசிச்சா வல்லினமாத்தான் வரும். நாம வாசிக்கிறது ஞாபகத்துல இருந்து. அந்த ஞாபகம் மிஷினுக்கு வேற விதமா வரணும். இந்த இடத்துல மட்டும் புதுசா வந்திருக்கிற நியூரல் குரல்களுக்கு ஒரு சபாஷ் போட்டே ஆகணும். ஆயிரக்கணக்கான வரிகளை மனுசக் குரல்ல கேட்டுப் பழகினதால பல சொல்லைச் சரியா ஊகிக்குது. எட்ஜ் உலாவியில 'பல்லவி'ன்னு ஒரு குரல் இருக்கு. கதை கேட்கணும்னா நானே அதைத்தான் சொல்வேன்.

ஆனா அது இணையத்துக் குரல். வாசிக்க வேண்டிய எழுத்து முதல்ல வெளியூர் சர்வருக்குப் போய்த்தான் சத்தமா திரும்பி வரும். நெட் இல்லைன்னா ஊமை. காத்தும் மழையும் அடிக்கிற மாசத்துல நெட்டு எங்க ஊர்ல எப்படி இருக்கும்னு நான் சொல்லணுமா? அதோட, பேங்க் கடுதாசியையும் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டையும் ஊர் சுத்திக் காட்டிட்டு வந்து வாசிக்கிறதுல எனக்குச் சம்மதம் இல்லை.

கடைசியா நான் போட்டது என்விடிஏ. ஆஸ்திரேலியாவுல மைக்கேல் கரன்னு பார்வை இல்லாத ஒருத்தர் 2006-ல ஆரம்பிச்ச திரைவாசிப்பான். காசு கிடையாது. அதுக்குள்ளயே ஈஸ்பீக்னு ஒரு பேச்சுப் பொறி இருக்கு. ஜோனதன் டடிங்டன்ங்கிறவர் 1995 வாக்கில ஏக்கார்ன் கம்ப்யூட்டருக்காக எழுத ஆரம்பிச்சது. 2015-ல இருந்து ஈஸ்பீக் என்ஜிங்கிற பேர்ல வேற ஆட்கள் எடுத்து நடத்துறாங்க. மனுசக் குரலை ஒட்டிச் செஞ்சது இல்லை, சத்தத்தைக் கணக்குப் போட்டு உண்டாக்குறது. அதனாலதான் தகர டப்பாவுக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு. அதே காரணத்தாலதான் சில எம்.பி.க்குள்ள அடங்குது, பழைய பெட்டியிலயும் ஓடுது, கீயை அமுக்கினதும் பேசுது, வேகத்தைக் கூட்டினாலும் எழுத்து குழையாம வருது.

ஈஸ்பீக் மட்டும் யோக்கியமான்னு கேட்காதீங்க. 'பஸ்'ஸை 'பாசு'க்குத் தம்பியாத்தான் சொல்லுச்சு. ஆனா என்விடிஏ-ல உச்சரிப்பு அகராதி இருக்கு. அதுல 'பஸ்'ஸுக்குப் பதிலா ஆங்கில எழுத்துல போட்டுக் கொடுத்தேன், சரியாப் போச்சு. எண்ணுக்கு நடுவுல வர்ற கால்புள்ளியைத் தூக்க ஒரு வரி விதி போட்டேன். இனிமே எந்தச் செய்தியில வந்தாலும் 14,707 பதினாலாயிரத்துச் சொச்சம்தான். அரை மணி நேர வேலை. ஈஸ்பீக்கோட தமிழ் விதிக் கோப்பே திறந்து கிடக்கு, விவரம் தெரிஞ்சவங்க யாரும் திருத்தலாம். நம்ம ஆட்கள் இதுல கை வைக்காம, குரல் சரியில்லைன்னு முப்பது செகண்டு கேட்டுட்டு மூடி வெச்சிட்டுப் போறாங்க. அதுதான் எனக்கு வயித்தெரிச்சல். கண்ணு தெரியற நாம முப்பது செகண்டு கேட்டு மார்க் போடுறோம். அதை நாள் முழுக்கக் கேட்கப் போற ஆளை யாரும் கேட்கிறதில்லை.

இதுல நம்ம பங்கும் இருக்கு. 'கௌரவம்'னு எழுத வேண்டிய இடத்துல கொம்பு, க, ளன்னு தட்டி 'கெளரவம்' ஆக்கி வெச்சிருக்கோம். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். மிஷினு உள்ளதை உள்ளபடி 'கெ-ள-ர-வம்'னு வாசிக்கும். அப்புறம் அதைத் திட்டுவோம். பாமினி எழுத்துருவுல அடிச்ச பழைய கோப்பைக் கொடுத்துப் பாருங்க. 'தமிழ்'ங்கிற சொல்லை ஜே, கே, பி, ஓன்னு வாசிக்கும். உள்ளே இருக்கிறது அதுதானே! சுற்றறிக்கையைப் பேப்பர்ல அச்சடிச்சு, அதை ஸ்கேன் பண்ணி, பிடிஎஃப்னு போடுறவங்களுக்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம். அதுல எழுத்தே கிடையாது, வெறும் படம். உலகத்துல இருக்கிற எந்தக் குரலும் அதை நேரா வாசிக்காது. மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது 2016-ல. அதுக்குப் பிறகும் படம்தான்.

பெரியப்பாவுக்கு முதல் ரெண்டு நாள் தலைவலி. மூணாம் நாள் "வேகத்தைக் கூட்டி வையி"ன்னார். போன வாரம் போனப்ப நான் பக்கத்துல உட்கார்ந்து கேட்டேன், எனக்கு ஒரு சொல்லும் புரியலை. அவர் பாட்டுக்குத் தலையாட்டிக்கிட்டே கேட்டுட்டு, "மேல்மலையில மழையாம்டா, ரெண்டடி ஏறியிருக்கு"ங்கிறார்.

பி.கு: குரல் மாத்திப் பார்க்கணும்னா, விண்டோஸ் 10, 11-ல பேச்சு அமைப்புக்குள்ள போய்த் தமிழை இறக்கிக்கோங்க. 'வள்ளுவர்'னு ஆண் குரல் ஒண்ணு கிடைக்கும். இறக்கின பிறகு நெட் வேண்டாம், என்விடிஏ-லயும் வேலை செய்யும். பெரியப்பா அதையும் கேட்டுப் பார்த்துட்டு, "ரொம்ப நிதானமான ஆளு"ன்னு சொல்லிட்டு டப்பாவுக்கே திரும்பிட்டார். விண்டோஸ் 7 வெச்சிருக்கவங்க என்விடிஏ 2023.3-ஐத் தேடி எடுங்க, அதுக்கு மேல வந்த பதிப்பு அதுல ஓடாது. எதுக்குக் காசு கொடுக்குறதா இருந்தாலும் முதல்ல 14,707-ஐயும் 136.40-ஐயும் வாசிக்கச் சொல்லிக் கேளுங்க.