காமனும் கொம்யூனும்

போன மாசம் சென்னையிலிருந்து ஆபீஸ் நண்பர் வந்திருந்தார். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்து வில்லியனூர் பக்கம் கூட்டிப் போனேன். 'கொம்யூன் பஞ்சாயத்து' என்ற போர்டைப் பார்த்ததும் தோளைத் தட்டினார்.

"என்ன ஸார், ஸ்பெல்லிங் மிஸ்டேக்கா? இல்லே, ஊரே கம்யூனிஸ்ட்டா?"

இரண்டும் இல்லை. அது பிரெஞ்சு உச்சரிப்பு. 1880-ல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே உள்ளாட்சியைக் கொண்டுவந்தபோது கூடவே வந்த சொல். 1973-ல் நாம் சட்டம் போட்டபோதும் அதைக் கழற்றாமல், பக்கத்தில் 'பஞ்சாயத்து' என்று ஒட்டிக்கொண்டோம். வில்லியனூர், பாகூர், அரியாங்குப்பம், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம் என்று புதுவையைச் சுற்றி 5, காரைக்காலில் 5.

இந்தக் கொம்யூனும், நாம் தினம் பத்து தடவை சொல்கிற இங்கிலீஷ் 'காமனும்' (கரும்பு வில்லைத் தேடாதீர்கள், இது வேற காமன்!) ஒரே வயிற்றுப் பிள்ளைகள். தாய், லத்தீன் 'கொம்யூனிஸ்'. 'கொம்' என்றால் சேர்ந்து. பின்பாதி, கடமையைக் குறிக்கும் 'மூனுஸ்' என்ற சொல்லுக்கு உறவு. ஆக, காமன் என்றால் எல்லாருக்கும் பங்கு உள்ளது மட்டுமல்ல. எல்லாரும் சேர்ந்து சுமப்பது.

குடும்பம் பெரிசு. கம்யூனிஸ்ட், கம்யூனிகேஷன் எல்லாம் இந்த வீட்டுப் பிள்ளைகளே. 'கம்யூனல்' என்றால் வெளிநாட்டில் பொதுச் சமையலறை, நம்மூரில் கலவரம். முனிசிபாலிட்டியிலும் அதே மூனுஸ்தான். கடமையை ஏற்றுக்கொண்டவர்கள் என்று பொருள். (சிரிக்கக் கூடாது!) கடமையிலிருந்து தப்பித்தவன் 'இம்யூன்'. தடுப்பூசிக்கு ரொம்ப முன்னாலேயே, ரோமாபுரியில் வரிவிலக்கு வாங்கினவனுக்கு அந்தப் பெயர்.

நம்மிடமும் அந்தச் சரக்கு உண்டு. 'இறையிலி' என்பார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில், நிருபதுங்க பல்லவன் காலத்தில், 3 கிராமங்களை வரிவிலக்கோடு பாகூர்க் கல்லூரிக்கு எழுதி வைத்ததைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. படிப்புக்காகக் கொடுத்த விலக்கு. அது நியாயம்.

ஆனால் 'சேர்ந்து' என்ற முன்பாதியை நாம் என்ன செய்தோம்? புதுவையில் 1968-ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது 2006-ல்! 38 வருஷம். அன்றைக்கு 21 வயசில் முதல் ஓட்டுப் போட்டவர், ரெண்டாவது ஓட்டுக்கு வரும்போது 59. பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருப்பார். அந்தப் பதவிக்காலமும் 2011-ல் முடிந்தது. பொறுப்பு மறுபடி அதிகாரிகள் கைக்குப் போனது.

சர்க்காரை மட்டும் சொல்லி என்ன பயன்? எங்கள் தெருவில் வாய்க்கால் அடைத்துக்கொண்டால் பத்து வீட்டுக்காரரும் வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். அடுத்த வீட்டுக்காரர் குச்சி எடுக்கட்டும் என்று காத்திருக்கிறோம். நானும்தான். வாய்க்கால் காமன், நாங்கள் அத்தனை பேரும் இம்யூன்!

இவ்வளவையும் டீக்கடையில் வைத்து நண்பருக்கு விளக்கி முடித்தேன். பில் வந்தது.

"இது காமன்தானே, ஆளுக்குப் பாதி" என்றேன்.

"ஸாரி ஸார், நான் கெஸ்ட்... இம்யூன்!" என்றார்.