2000 வாட்டும் அப்பாவோட காதும்

விருதுநகர் வீட்டு ஹால்ல ஒரு பாட்டு செட் இருக்கு. கம்பெனி செட் இல்லை, அசெம்பிள் செட். 1998 தீபாவளி போனஸ்ல அப்பா செஞ்சு வாங்கினது. அப்போ எனக்கு ஒரு வயசு கூட முடியலை. ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர், டபுள் கேசட் டெக், பிளைவுட்ல அடிச்ச ரெண்டு பாக்ஸ், பாக்ஸுக்கு ஒரு எட்டு இன்ச் ஸ்பீக்கர், ஒரு ட்வீட்டர். கூடவே எரநூறு சொச்சம் கேசட். பாதிக்கு மேல ரெக்கார்டிங் சென்டர்ல லிஸ்ட் எழுதிக் குடுத்து பதிஞ்சது. லிஸ்ட் எல்லாம் அப்பாவோட கையெழுத்துல இன்னும் அட்டைக்குள்ள பத்திரமா இருக்கு.

நான் பெங்களூர்ல பொட்டி தட்டுறவன். படிச்சது ஈசிஈ. அதனால வீட்ல மிக்ஸி ஓடலைன்னாலும் எனக்குத்தான் போன் வரும் (ஹி ஹி, அதுக்கும் என் படிப்புக்கும் சம்பந்தமே கிடையாதுன்னு அம்மாகிட்ட இன்னும் சொல்லலை). போன தீபாவளி லீவுக்கு வந்தப்ப செட் ரொம்ப மோசமா இருந்துச்சு. வால்யூமைத் திருகினா கரகரன்னு சத்தம். பாட்டு ஏதோ போர்வைக்குள்ள இருந்து பாடுற மாதிரி கேட்டுச்சு. அப்பா வால்யூமை முக்கால் வாசி வச்சுக்கிட்டு, நாற்காலியை செட்டுக்குப் பக்கத்துல இழுத்துப் போட்டு உக்காந்திருந்தார்.

செட் செத்துப் போச்சுன்னு நானே முடிவு பண்ணிட்டேன். பட்ஜெட் பன்னெண்டாயிரம். ஊர்லயே ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு சவுண்ட்பாரைக் காட்டி, "தம்பி, ரெண்டாயிரம் வாட்டு. தெருவே அதிரும்" அப்படின்னார். தெரு அதிர்ந்து எனக்கு என்ன ஆகப்போகுதுன்னு அப்பவே யோசிச்சிருக்கணும். யோசிக்கலை. வாங்கிட்டேன்.

வீட்ல வந்து மாட்டும்போதுதான் அடாப்டரைத் திருப்பிப் பார்த்தேன். 19 வோல்ட், 2 ஆம்பியர்னு போட்டிருக்கு. பெருக்குங்க மக்களே. 38 வாட். சுவத்துல இருந்து உள்ள போறதே 38 வாட்டுன்னா வெளிய 2000 எப்படி வரும்? அட்டைப்பெட்டியைத் திரும்பப் பார்த்தா பொடி எழுத்துல பிஎம்பிஓன்னு இருக்கு. இது நம்ம ஊர்ல கேசட் காலத்துல இருந்தே நடக்குற கூத்து. கண்ணிமைக்கிற நேரம் கூட நிக்காத ஒரு உச்சத்தை வச்சு, அவனவன் இஷ்டத்துக்குப் போட்டுக்கற நம்பர் அது. பொதுவான அளவுமுறைன்னு ஒண்ணு அதுக்குக் கிடையாது. பார்க்க வேண்டியது ஆர்எம்எஸ் வாட்.

அதைவிட முக்கியம், வாட்டைத் துரத்துறதே வீண். பவரை ரெண்டு மடங்கு ஆக்கினா கூடுறது வெறும் 3 டெசிபல். காதுக்கு "ரெண்டு மடங்கு சத்தம்"னு தோணணும்னா சுமாரா 10 டெசிபல் கூடணும், அதுக்கு பத்து மடங்கு பவர் வேணும். நம்ம ஹால் மாதிரி பத்துக்குப் பன்னெண்டு அடி ரூம்ல சாதாரண ஸ்பீக்கருக்கு ஒண்ணு ரெண்டு வாட்டே தாராளம்.

இந்தக் கணக்கை நம்ம ஊர் சரக்கை வச்சே சொல்றேன். பட்டாசுக்கு சத்த வரம்பு உண்டு. 1999 அக்டோபர்ல மத்திய அரசு போட்ட விதி: வெடிக்கிற இடத்துல இருந்து 4 மீட்டர் தள்ளி 125 டெசிபலைத் தாண்டக் கூடாது. ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்துல 88 டெசிபல் குடுக்கற நல்ல ஸ்பீக்கரை வெட்டவெளியில வச்சு, 4 மீட்டர் தள்ளி அதே 125-ஐக் கொண்டு வரணும்னா சுமார் 80,000 வாட் வேணும்! (வெடி நொடிக்குள்ள முடிஞ்சிடும், பாட்டு அப்படி இல்லை, அளக்கற முறையும் வேற. கணக்கு வாத்தியாருங்க மன்னிக்கணும்.) தெரு அதிரணும்னா ஒரு சரம் வாங்கிக் கொளுத்திட்டுப் போயிடலாம். செட் எதுக்கு?

சரி, கதைக்கு வருவோம். சவுண்ட்பாரைப் போட்டேன். தும் தும்னு தரை அதிருது. அப்பா அஞ்சு நிமிஷம் பேசாம கேட்டார். அப்புறம் சொன்னார், "பாட்டு கேக்குதுய்யா. வார்த்தைதான் கேக்கலை."

எனக்குக் கோபம் வந்துச்சு. காசு போட்டு வாங்கிட்டு வந்தவனுக்கு வர்ற கோபம். "உங்களுக்கு பழசுதான் புடிக்கும்"னு சொல்லிட்டு மாடிக்குப் போயிட்டேன். ராத்திரி சாப்பிடும்போது அம்மா "பால் காய்ச்சவா"ன்னு கேட்டாங்க. அப்பா "காலுக்கு என்ன?"ன்னு கேட்டார். அம்மா சிரிச்சுட்டு உள்ள போயிட்டாங்க. வீட்ல இது ரொம்ப நாளா ஓடுற ஜோக்காம். நான்தான் ஊர்ல இல்லையே, எனக்குத் தெரியலை.

அப்பா முப்பத்தொரு வருஷம் சிவகாசியில ஒரு ஆஃப்செட் பிரஸ்ல வேலை பார்த்தவர். காலையில ஏழு மணி பஸ், திருத்தங்கல் தாண்டி இறங்கினா ராத்திரிதான் வீடு. காலண்டர் சீசன்ல டபுள் ஷிஃப்ட். மெஷினுக்கு ஒரு கை தூரத்துலதான் நிப்பார். நான் ஒரு தடவை அந்த பிரஸ்ஸுக்குப் போனப்ப மொபைல் ஆப்ல அளந்து பார்த்தேன். ஆப் துல்லியமா இருக்காது, ஆனா முள் 90-ஐ ஒட்டியே நின்னுச்சு. எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல்தான் பாதுகாப்பான வரம்புன்னு அமெரிக்காவோட நயாஷ் அமைப்பு சொல்லுது. அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகணும். 88-ன்னா நாலு மணி நேரம், 91-ன்னா ரெண்டு மணி நேரம். அப்பா நின்னது பன்னெண்டு மணி நேரம், பல வருஷம். காதுல பஞ்சு வச்சுக்குவாங்களாம் சில பேர். அவ்வளவுதான் பாதுகாப்பு.

சத்தத்துல கெடுற காது மொத்தமா கெடாது. முதல்ல போறது மேல் ஸ்தாயி, 4000 ஹெர்ட்ஸ் பக்கம். வயசானா அதுக்கு மேலயும் போகும். உயிரெழுத்து எல்லாம் கீழ இருக்கு, அது கேக்கும். க, ச, ட, த, ப எது எதுன்னு பிரிச்சுக் காட்டற சத்தம் மேல இருக்கு, அது போயிடும். அதனாலதான் பாலு காலு ஆகுது. "சத்தம் கேக்குது, என்ன சொல்றன்னு புரியலை"ன்னு வீட்ல யாராவது சொன்னா அது கவனக்குறைவு இல்லை சாமிகளா. அந்த மாதிரி காதுக்கு தும் தும் பேஸைக் கூட்டிக் குடுத்தா, மிச்சம் இருக்கற வார்த்தையையும் அந்த பேஸ் மூடிடும். நான் பன்னெண்டாயிரம் போட்டு செஞ்சது அதைத்தான்.

மறுநாள் ஜிஹெச்சுக்குக் கூட்டிட்டுப் போனேன். வர மாட்டேன்னு ஒரே அடம். "நான் என்ன செவிடா?" ஆடியோகிராம்னு ஒரு படம் குடுத்தாங்க. இடது பக்கம் நேரா வந்து, 4000-க்கிட்ட கிணத்துல விழுந்த மாதிரி ஒரு பள்ளம். ரெண்டு காதும் அப்படியே. போன நரம்பு திரும்ப வராதுன்னு டாக்டர் சொன்னாங்க. அப்பா அந்தப் பேப்பரை மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டார். பஸ்ல வர்ற வரைக்கும் எதுவும் பேசலை.

எனக்கு இருக்கற ஆத்திரம் இங்கதான். 1948-ம் வருஷ ஃபாக்டரி சட்டத்தோட மூன்றாவது அட்டவணையில, அறிவிக்க வேண்டிய தொழில் நோய்கள்ல சத்தத்தால வர்ற காது கேளாமையும் இருந்துச்சு. அட்டவணையில இருந்து என்ன? அப்பாவோட முப்பத்தொரு வருஷத்துல ஒரு தடவை கூட அவர் காதை யாரும் சோதிச்சுப் பார்க்கலை. பட்டாசு ஆலை விபத்துன்னா பேப்பர்ல வருது, வரணும். பிரஸ்ல மெதுவா போற காதுக்குச் செய்தியே கிடையாது. வீட்ல ஜோக்காத்தான் ஆகும்.

சவுண்ட்பாரை அக்கா வீட்டுக்கு அனுப்பிட்டேன். மச்சானுக்கு ஒரே குஷி. பழைய செட்டை அப்பாவோட சிநேகிதர் ஒரு மெக்கானிக் அண்ணாச்சிகிட்ட கொண்டு போனோம். அவர் பாக்ஸைத் திறந்து, ஸ்பீக்கர் கோனைச் சுத்தி இருக்கற ஃபோமைத் தொட்டார். பொலபொலன்னு உதிர்ந்துச்சு. நம்ம வெக்கைக்கு ஃபோம் இத்தனை வருஷம் தாங்கினதே பெருசுன்னார். ஸ்பீக்கரை மாத்த வேண்டாம், ஓரம் மட்டும் ரப்பர் வாங்கி ஒட்டிக்கலாம். ட்வீட்டருக்குப் போற வழியில 4.7 எம்எஃப்டி கெப்பாசிட்டர் ஒண்ணு, ரெண்டு பாக்ஸ்லயும் காஞ்சு போயிருந்துச்சு. அதனாலதான் போர்வைச் சத்தம். அதாவது அப்பாவுக்குக் கேக்காத அதே மேல் ஸ்தாயியை செட்டும் குடுக்காம இருந்திருக்கு. ரெண்டும் ஒண்ணா வயசாகியிருக்கு.

வால்யூம் கண்ட்ரோல் புதுசு, பவர் சப்ளை கெப்பாசிட்டர் புதுசு. டெக்குல பெல்ட் உருகி தார் மாதிரி ஒட்டிக் கிடந்துச்சு, அதைச் சுரண்டி எடுத்துப் புது பெல்ட். பின்னாடி ஆக்ஸ்ல மாட்ட ஒரு ப்ளூடூத் ரிசீவர். கூலியோட மொத்தம் மூவாயிரத்து எழுநூறு. செட்டை பீரோ மேல இருந்து இறக்கி, பாக்ஸ் ரெண்டையும் நாற்காலிக்கு எதிர்ல காது உயரத்துக்கு வச்சோம். அதுவரைக்கும் ஒரு பாக்ஸ் டிவிக்குப் பின்னாடியும் இன்னொண்ணு பரண்லயும் இருந்துச்சு! மொசைக் தரையும் வெறும் சுவரும் எதிரொலிக்குதுன்னு எதிர் சுவத்துல ஒரு கனத்த ஜமுக்காளத்தைத் தொங்க விட்டோம். அம்மாவுக்கு மட்டும் அதுல உடன்பாடு இல்லை. ட்ரெபிளைக் கொஞ்சம் ஏத்தி, பேஸைக் குறைச்சு வச்சேன். வால்யூம் கால் வாசிதான்.

ஆக என் கட்சி இதுதான். வீட்டு செட்டை மாத்த நினைக்கறவங்க கடைக்குப் போறதுக்கு முன்னாடி கேக்கப் போறவங்க காதைச் சோதிங்க. அரசு ஆஸ்பத்திரியில செலவே இல்லை. அடுத்து பாக்ஸ் இருக்கற இடத்தை மாத்திப் பாருங்க, அதுக்கும் காசு வேண்டாம். அப்புறம் ஸ்பீக்கர். ஆம்ப்ளிஃபையர் கடைசி. "பழசைக் கட்டி அழாதே, புதுசுல டெக்னாலஜி எங்கயோ போயிடுச்சு"ன்னு என் ஆபீஸ் நண்பன் சொல்றான். உண்மைதான், நல்ல புதுசு நல்லாவே இருக்கு. ஆனா பன்னெண்டாயிரத்துக்குள்ள நம்ம கடைகள்ல தள்ளி விடறது பெரும்பாலும் டெக்னாலஜி இல்லை, பேஸு. பன்னெண்டு கிலோ பிளைவுட் பாக்ஸுக்கு பெளதிகம் துணை இருக்கு, ஒல்லியா நீளமா இருக்கற பிளாஸ்டிக் குழாய்க்கு அது கிடையாது.

மிச்சக் காசோட நான் கொஞ்சம் போட்டு ஹியரிங் எய்ட் வாங்கியிருக்கேன். (வசதி இல்லாதவங்களுக்கு அடிப் திட்டத்துல மத்திய அரசு உதவி உண்டு, கேட்டுப் பாருங்க.) அது பேச்சுக்குன்னே செட் பண்ணி வர்றதால பாட்டு தகர டப்பா மாதிரி கேக்குதுன்னார். ஆடியாலஜிஸ்ட்கிட்ட கேட்டு பாட்டுக்குத் தனி புரோகிராம் போட்டு வாங்கினோம். இது பல பேருக்குத் தெரியறதில்லை, கேட்டு வாங்கணும்.

டீக்கடைக்குப் போகும்போது இன்னும் கழட்டி வச்சுட்டுத்தான் போறார். பிரஸ் சேக்காளிங்க கிண்டல் பண்ணுவாங்களாம். அவங்களுக்கும் கேக்காதுன்னு எனக்குத் தெரியும், சொல்லலை. ஆனா சாயங்காலம் ஆறு மணிக்கு தானா மாட்டிக்கிட்டு கேசட்டைத் தேட ஆரம்பிச்சுடுறாராம். போன வாரம் அம்மா போன்ல சொன்னாங்க, ஏதோ ஒரு பழைய பாட்டு ஓடும்போது திடீர்னு நிறுத்தி, ரீவைண்ட் பண்ணி, ரெண்டு தடவை அதே இடத்தைக் கேட்டாராம். "இத்தனை நாளா இந்த இடத்துல வேற வார்த்தைன்னுல்ல நெனைச்சுக்கிட்டு இருந்தேன்" அப்படின்னாராம்.