அரிசி மூட்டைக்காக வேலைக்குப் போன சிறுமி



ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களிடம் சிறுவயதில் ரீவியில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். வடக்கில் இருந்தவர்கள் உயரமான அன்ரனா கட்டி, இந்தியத் தூரதர்ஷனில் 1987, 1988ஆம் ஆண்டுகளில் பார்த்த இராமாயணத்தைச் சொல்வார்கள். அது ஹிந்தியில் ஓடியது. மொழி தெரியாவிட்டாலும் கதை தெரிந்ததால் எல்லோருக்கும் விளங்கியது. 1982 மாசியில் தொடங்கிய ரூபவாஹினியைப் பார்த்தவர்கள் தவறாமல் இன்னொரு பெயரையும் சொல்வார்கள். அதுதான் ஒஷின்.

அக்காலத்தில் ஊரில் ஒன்றிரண்டு வீடுகளில்தான் ரீவி இருக்கும். அயலில் உள்ளவர்கள் எல்லோரும் அந்த வீட்டு விறாந்தையில் பாய் போட்டு இருந்து பார்ப்போம். 1990இல் போர் மீண்டும் தொடங்கியதும் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. அதற்குப் பிறகு பல வருடங்கள் எங்களுக்கு ரீவியும் இல்லை, குமிழ் விளக்கும் இல்லை. ஆனாலும் அந்தச் சிறுமியின் முகம் மறக்கவில்லை.

இளைய சகோதரிகளுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒஷின் ஜப்பானின் என்.எச்.கே. நிறுவனம் 1983ஆம் ஆண்டிலிருந்து 1984 வரை ஒளிபரப்பிய தொடர். மொத்தம் 297 பகுதிகள். எழுதியவர் சுகாக்கோ ஹஷிதா என்ற பெண். 1907ஆம் ஆண்டில், பனி மூடிய மலைக்கிராமம் ஒன்றில், வயிற்றுக்கு இல்லாத குத்தகை விவசாயக் குடும்பம். ஏழு வயதுப் பிள்ளையை ஒரு மூட்டை அரிசிக்காக வீட்டு வேலைக்கு அனுப்புகிறார்கள். அந்தப் பிள்ளைதான் ஒஷின். அங்கே அவள் மீது களவுப் பழி விழுகிறது. கொட்டும் பனியில் தப்பி ஓடுகிறாள்.

சங்கக்கடை வரிசையில் நிவாரண அட்டையோடு நின்ற எங்களுக்கு ஒரு மூட்டை அரிசியின் பெறுமதியை யாரும் விளக்கத் தேவையில்லை. அதனால்தான் அந்தக் கதை எங்கள் மனதில் ஒட்டிக்கொண்டது.

எங்கள் வீடுகளில் ஒஷினை ஒரு பாடமாகவே சொல்வார்கள். "ஒஷினைப் போலப் பொறுமையாக இருக்கப் பழகு பிள்ளை" என்பார்கள். மாமியார் கொடுமையா, ஒஷினைப் பார். கணவன் சரியில்லையா, ஒஷினைப் பார். பெரியவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். ஆனால் கதையை ஆறுதலாக யோசித்துப் பார்த்தால் அவளைக் காப்பாற்றியது பொறுமை மட்டுமல்ல என்பது விளங்கும்.

பனியில் விழுந்து கிடந்தவளைக் காப்பாற்றியவன், போர் வேண்டாம் என்று படையை விட்டு ஓடி மலையில் ஒளிந்திருந்த ஒரு வாலிபன். அவன்தான் அவளுக்கு எழுத்துக் கற்றுக் கொடுத்தான். பிறகு அரிசி வியாபாரி ஒருவர் வீட்டில் வேலை செய்தபோது அந்த வீட்டுப் பாட்டியிடம் கணக்குப் பழகினாள். ரோக்கியோ நகருக்குப் போய்த் தலை அலங்காரம் பழகினாள். பிள்ளைகளுக்கு உடுப்புத் தைத்து விற்றாள். 1923ஆம் ஆண்டுப் பெரிய பூமியதிர்ச்சியில் எல்லாம் அழிந்தது. புகுந்த வீட்டில் மாமியாரின் கொடுமை எல்லை மீறியபோது அதைச் சகித்துக்கொண்டு இருக்கவில்லை. மகனைக் கூட்டிக்கொண்டு வெளியேறினாள். பின்னர் மீன் வண்டி தள்ளிப் பிழைத்தாள். ஒவ்வொரு முறை விழுந்தபோதும் அவளிடம் ஒரு கைத்தொழில் இருந்தது. தன் வரவு செலவைத் தானே எழுதத் தெரிந்திருந்தது.

இன்னொரு பகுதி எங்களுக்கு மிக நெருக்கமானது. இரண்டாம் உலகப் போரில் அவளுடைய மூத்த மகன் பிலிப்பைன்ஸில் பட்டினியால் இறக்கிறான். போரை ஆதரித்த கணவன் குற்றவுணர்வில் உயிரை மாய்த்துக்கொள்கிறான். போர் நடந்தபோது நானும் வாய் திறக்கவில்லையே என்று அவள் பிறகு வருந்துகிறாள். மகன் இறந்த செய்தியாவது அவளுக்குக் கிடைத்தது. 2009இல் போர் முடிந்த பின்னும் எங்களில் பலருக்கு அந்தச் செய்திகூட வரவில்லை. படத்தை நெஞ்சோடு அணைத்தபடி தெருவோரப் பந்தலில் இருக்கும் தாய்மார் ஒஷினை விடப் பொறுமைசாலிகள். அவர்களிடம் யாரும் மேலும் பொறுமை கேட்கக்கூடாது.

இன்று வீட்டுக்கு வீடு ரீவி இருக்கிறது. கைத்தொலைபேசியிலும் நாடகம் ஓடுகிறது. நாள் முழுக்க உழைத்து வரும் பெண் அரை மணித்தியாலம் நாடகம் பார்ப்பதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் பக்கத்தில் மகளும் இருந்து பார்க்கிறாள். பட்டுச் சேலையும் நகையும் போட்டுக்கொண்டு சமையலறையில் சதி செய்யும் பெண்களைத்தான் அவளும் பார்க்கிறாள். நாடகம் முடிந்ததும் அவளிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். "இந்தப் பெண் என்ன தொழில் செய்கிறாள்? இவளுடைய காசுக் கணக்கை யார் வைத்திருக்கிறார்கள்?" பதில் இல்லாவிட்டால், அதைப் பற்றியே பிள்ளையோடு கதையுங்கள்.

இது வெறும் பேச்சுக்காகச் சொல்வதல்ல. நுண்கடன் தாளில் என்ன எழுதியிருக்கிறது, வட்டி எவ்வளவு என்று தெரியாமல் கையெழுத்து வைத்து, ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுத்துத் தவிக்கும் சகோதரிகள் எங்கள் கிராமங்களில் எத்தனை பேர்! தனியே குடும்பம் நடத்தும் பெண்ணுக்குத் தையல் மெஷினும் கோழிக்கூடும் எவ்வளவு அவசியமோ, ஒரு கணக்குக் கொப்பியும் அவ்வளவு அவசியம்.

ஆகவே இந்த மாதமே ஒரு கொப்பி வாங்குங்கள். ஒரு பக்கம் வரவு, மறுபக்கம் செலவு. எழுத வராதவர்கள் மகளிடம் கேட்டுப் பழகலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கடன் தாள் எதுவானாலும், வாசிக்கத் தெரிந்த ஒருவர் உங்களுக்கு முழுவதும் வாசித்துச் சொன்ன பிறகு கையெழுத்து வையுங்கள்.