குடும்பப் பெயர் என்ன?

சென்ற திங்களில் ஒருநாள், பள்ளியிலிருந்து திரும்பிய நம் பேர்த்தி ஒரு படிவத்தை நம்முன் வைத்து, "தாத்தா, நம் சர்நேம் என்ன?" என்று வினவினாள். வகுப்பில் எல்லார்க்கும் ஒன்று இருக்கிறதாம். தனக்கு மட்டும் இல்லையாம். அவ்விடத்தில் தந்தையின் பெயரை எழுதியிருந்தமையால் ஆசிரியை அப்பெயராலேயே அவளை அழைக்க, தோழியர் நகைத்தனராம். "எனக்கும் நல்லதாக ஒன்று வைத்துக் கொடுங்கள்" என்று கண் கலங்கினாள்.

மும்பையில் வாழும் நம்மவர் வீடுகளில் இவ்வினா எழாத வீடு உண்டோ? மராட்டிய அன்பர்கள் தம் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என மூன்றையும் வரிசையாக எழுதுவர். அஃது அவர்தம் மரபு; போற்றத்தக்க மரபு. நம்மில் பலரோ ஊர்ப்பெயருக்கு ஓரெழுத்து, தந்தை பெயருக்கு ஓரெழுத்து என முன்னே நிறுத்தி, அதன்பின் தம் பெயரை எழுதுவர். தந்தைக்கு இரு மரபிலும் இடமுண்டு. ஆயினும் படிவத்தின் கடைசிக் கட்டம் நமக்கு வெறுமையாகவே நிற்கின்றது. அவ்வெறுமையை நம் குறை என்று எண்ணத் தொடங்குவதே துன்பத்தின் வேர்.

ஒன்றை மறையாமல் உரைக்கின்றோம். நாற்பது ஆண்டுகட்கு முன் இம்மாநகரில் வேலைக்குச் சேர்ந்த அன்று, எழுத்தர் இதே வினாவைக் கேட்டார். 'இல்லை' என்று சொல்ல நாணி, பாட்டனாரின் சாதிப் பட்டத்தை எழுதிக் கொடுத்தோம். 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின் சாதிப் பட்டம் வேண்டா என்று தீர்மானித்தது. அக்கருத்தை ஏற்று நம் தந்தையார் இளமையிலேயே களைந்த பட்டம் அது. அவர் மனமுவந்து துறந்ததை நாம் ஒரு கட்டத்தை நிரப்புவதற்காக எடுத்து அணிந்தோம். அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் அதுவே நம் பெயராயிற்று. ஊரிலோ அப்பெயரால் நம்மை அறிந்தார் ஒருவருமிலர். ஒருமுறை நம் இல்லத்திற்கு வந்த தந்தையார், வாயிற்பலகையைப் படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே வந்தார். அம்மௌனம் இன்றும் நம்மைச் சுடுகின்றது.

இவற்றையெல்லாம் பேர்த்தியிடம் கூறினோம். பின்னர் வேறு இருவர் கதையையும் சொன்னோம். 1907இல் நிதித்துறைப் பணியேற்றுக் கல்கத்தா சென்றார் சி. வி. இராமன். முதலெழுத்தாகிய 'சி' அவர் தந்தையார் சந்திரசேகரனைக் குறிப்பது. அந்நகரில் 1928இல் அவர் கண்ட உண்மையை உலகம் அவருடைய சொந்தப் பெயராலேயே 'இராமன் விளைவு' என்று வழங்குகின்றது. சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்தின் பெயர் ஆனந்த். விசுவநாதன் அவர் தந்தையார். அயல்நாட்டார் தந்தையின் பெயரையே சுருக்கி அவரை 'விஷி' என்று அழைத்தனர். அதனால் அவர் ஆட்டம் குன்றவில்லை. 2007 முதல் 2013 வரை உலக வாகையர் பட்டம் அவரிடமே இருந்தது.

அன்பர்களே, படிவம் கேட்பதை மறுக்க வேண்டுவதில்லை. தந்தையின் பெயரையோ தாயின் பெயரையோ அக்கட்டத்தில் தயக்கமின்றி எழுதலாம். 'இஃது என் தந்தை பெயர். என் பெயர் இது' என்று தெளிவாகச் சொல்லக் குழந்தைகளைப் பழக்குதலே நம் கடன். பிறர் மரபை மதித்தலும் நம் மரபுக்கு நாணாதிருத்தலும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

மறுநாள் பேர்த்தி தன் பெயரை ஆசிரியையிடம் விளக்கினாளாம். மாலையில் வந்து, "தாத்தா, உங்கள் பலகை?" என்று கேட்டாள். அதனைக் கழற்றிவிட்டோம். புதிய பலகையில் நம் தந்தையாரின் முதலெழுத்தும் நம் பெயரும் மட்டுமே உள்ளன. அதனைக் காண அவர் இன்று இல்லை.