மூன்று மீட்டரில் காற்று நுழையாது

1976இல் அணுசக்தி மையத்துக்காக மும்பையின் ஜனதா காலனியை இடித்தபோது, மக்களின் சம்மதத்துக்காக அரசு காத்திருக்கவில்லை. அங்கிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களால் உருவானதுதான் நம் சீத்தா கேம்ப். இன்று தாராவித் திட்ட வீடுகளுக்காக, பக்கத்துத் தேவ்நார் குப்பைமேட்டில் 124 ஏக்கர் ஒதுக்க மாநில அமைச்சரவை ஒப்புதல் அளித்திருக்கிறது. குடிசை மாற்றுத் திட்டமான எஸ்ஆர்ஏவின் பில்டிங் நம் கல்லிக்கும் வந்தால் எத்தனை சதுர அடி, எந்த மாடி, கைக்கு வாடகை எவ்வளவு என்று கேட்போம். இரண்டு பில்டிங்குக்கு நடுவே எத்தனை மீட்டர் என்று யார் கேட்கப்போகிறோம்?

கேட்காததன் விலை கோவண்டியில் தெரிகிறது. நட்வர் பரேக் காம்பவுண்டில் ஏழெட்டு மாடிக் கட்டடங்களுக்கிடையே விட்டிருப்பது சுமார் 3 மீட்டர். டாக்டர்ஸ் ஃபார் யூ அமைப்பின் ஆய்வில், அங்கே 10 சதவீதத்தினரும் மான்கூர்ட் லல்லுபாய் காம்பவுண்டில் 8 சதவீதத்தினரும் காசநோய் உண்டு என்றார்கள். இடைவெளி கூடுதலான பி.எம்.ஜி. காலனியிலோ 1 சதவீதம்தான். காரணம் மர்மமானதல்ல. கட்டடங்கள் நெருங்கினால் காற்று கூரைக்கு மேலேயே வழுக்கிப் போய்விடும். கீழ்மாடிகளில் வெயிலும் இல்லை, இருமியவர் விட்ட மூச்சு கலைவதும் இல்லை.

புயலில் கதை தலைகீழ். இடுக்கில் சிக்கிய காற்று வேகமெடுக்கிறது. முன்கட்டடத்தைச் சுற்றி எழும் சுழல்கள் பின்கட்டடத்தை அறைகின்றன. இங்கிலாந்தின் ஃபெர்ரிபிரிட்ஜ் மின்நிலையத்தில் 1965 நவம்பர் 1 அன்று, நெருங்கி நின்ற எட்டுக் குளிர்விப்புக் கோபுரங்களில் மூன்று சரிந்தன. காற்றை நேரே வாங்கிய முன்வரிசை நின்றது, விழுந்தது பின்வரிசை! நம் கடற்கரையும் சாதுவல்ல. 2021 தவ்தே புயலில் கொலாபாவில் 114 கி.மீ. வேகம் பதிவானது. 2024 மே 13 அன்று காட்கோபரில் ஒரே காற்றில் சரிந்த விளம்பரப் பலகை 17 உயிர்களைக் குடித்தது.

பக்கத்துக் கட்டடம் காற்றை எப்படி மாற்றும் என்பதையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது 2015ஆம் ஆண்டின் இந்தியக் காற்றுத் தரநிலை. ஆனால் குடிசை மாற்றுத் திட்டங்கள் என்று வரும்போது திறந்தவெளி விதிகளைத் தளர்த்துகிறார்கள். ஏழைக்கு மட்டும் காற்று குறைவாகப் போதும் என்று எந்த டாக்டர் சொன்னார்?

தேவ்நாரிலானாலும் நம் கல்லியிலானாலும், கட்டடங்களின் நெருக்கத்தைக் காற்றுச்சுரங்கச் சோதனையில் பார்க்காமல் அனுமதி தரக்கூடாது. நம் மக்களுக்கு ஒரு வேண்டுகோள்: வரைபடத்தில் இடைவெளியை மீட்டரில் எழுதிக் காட்டும்வரை சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.