ஜாமீன் கிடைத்தும் சிறைவாசம் ஏன்?
வெளிமாநிலத் தமிழர் அறிய வேண்டிய கோர்ட்டு நடைமுறை

நம் நாட்டுச் சிறைகளில் அடைபட்டிருப்பவர்களில் பெரும்பாலோர் தண்டனை பெற்றவர்கள் அல்லர். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டு இறுதியில் சிறைகளில் இருந்தவர்கள் 5 லட்சத்து 73 ஆயிரத்து 220 பேர். இவர்களில் 4 லட்சத்து 34 ஆயிரத்து 302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நூற்றுக்கு 75 பேருக்கு மேல், குற்றம் செய்தார்களா இல்லையா என்று கோர்ட்டு முடிவு சொல்வதற்கு முன்பே உள்ளே இருந்தவர்கள்.

2024ஆம் ஆண்டு ஜூலை 1ந் தேதி முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் அமலில் உள்ளன. 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டமும், 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டமும், 1973ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டமும் விடை பெற்றன. அவற்றின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய சாட்சிய அதிநியம், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா ஆகியவை வந்துள்ளன. பெயர்கள் மாறின, பிரிவு எண்கள் மாறின. பிழைப்புக்காக மும்பைக்கோ டெல்லிக்கோ சென்று, அங்கே ஒரு வழக்கில் சிக்கிக்கொள்ளும் ஏழைத் தமிழனின் நிலை மாறியதா என்பதே கேள்வி.

கோர்ட்டுகளின் வரிசை

முதலில் கோர்ட்டுகளின் அமைப்பைப் பார்ப்போம். கீழ்ப்படியில் இருப்பவர் இரண்டாம் வகுப்பு ஜுடீஷியல் மாஜிஸ்திரேட். அவர் ஓராண்டு வரை சிறைத் தண்டனையும், 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். அடுத்தவர் முதல் வகுப்பு மாஜிஸ்திரேட். அவருக்கு 3 ஆண்டு வரை சிறையும், 50 ஆயிரம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க அதிகாரம் உண்டு. இந்த இரு வகுப்பினரும் சிறு குற்றங்களுக்குச் சிறைக்குப் பதிலாகச் சமூக சேவை செய்யும்படியும் உத்தரவிடலாம். இது புதிய சட்டத்தில் வந்த அம்சம். தலைமை ஜுடீஷியல் மாஜிஸ்திரேட் 7 ஆண்டு வரை தண்டிக்கலாம்.

அதற்கு மேல் செஷன்ஸ் கோர்ட்டு. கொலை போன்ற பெருங்குற்றங்களை அங்கேதான் விசாரிக்க முடியும். ஆனால் அந்த வழக்கும் முதலில் மாஜிஸ்திரேட் முன்புதான் வரும். அவர் அதை செஷன்சுக்கு அனுப்பி வைக்க வேண்டும். இதை 90 நாளில் முடிக்க வேண்டும், காரணம் எழுதினால் 180 நாள் வரை போகலாம் என்று புதிய சட்டம் கெடு வைத்திருக்கிறது. செஷன்ஸ் நீதிபதி மரண தண்டனை விதித்தால் ஐகோர்ட்டு அதை உறுதி செய்தாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே சுப்ரீம் கோர்ட்டு.

கலெக்டரும் தாசில்தாரும் கூட மாஜிஸ்திரேட்டுகள்தானே என்று சிலர் கேட்பார்கள். அவர்கள் நிர்வாக மாஜிஸ்திரேட்டுகள். தடை உத்தரவு போடுவது, அமைதி காப்பதாக எழுதி வாங்குவது போன்றவை அவர்கள் வேலை. குற்ற வழக்கை விசாரித்துத் தண்டிக்கும் வேலை நீதித்துறையினருடையது. நிர்வாகத்தையும் நீதியையும் பிரிக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 50வது பிரிவு சொன்னது. 1974ஆம் ஆண்டு ஏப்ரல் 1ந் தேதி அமலுக்கு வந்த நடைமுறைச் சட்டம் அதை நாடு முழுவதற்கும் பொதுவாக்கியது.

மும்பைவாசிகள் கவனிக்க வேண்டிய மாறுதல் ஒன்று உண்டு. 10 லட்சம் பேருக்கு மேல் வசிக்கும் பெருநகரங்களுக்கு மெட்ரோபாலிடன் மாஜிஸ்திரேட் என்று தனிப் பதவி பழைய சட்டத்தில் இருந்தது. கில்லா கோர்ட்டு, குர்லா, பாந்த்ரா, அந்தேரி கோர்ட்டுகள் இந்த வகையைச் சேர்ந்தவை. புதிய சட்டத்தில் அந்த வகையே கிடையாது. மும்பைக்கும் ஒரு தாலுகா ஊருக்கும் இனி ஒரே பெயர்தான்: முதல் வகுப்பு ஜுடீஷியல் மாஜிஸ்திரேட்.

கைது முதல் ஜாமீன் வரை

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். நெல்லை மாவட்டத்து இளைஞர் ஒருவர் தாராவியில் தோல் பட்டறையில் வேலை செய்கிறார். திருட்டுச் சந்தேகத்தில் போலீசார் அவரைக் கைது செய்கிறார்கள். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அவரை மாஜிஸ்திரேட் முன் ஆஜர்படுத்த வேண்டும். இது அரசியல் சட்டம் தந்த உரிமை.

அதன் பிறகு போலீஸ் காவலா, சிறைக் காவலா என்று மாஜிஸ்திரேட் முடிவு செய்வார். போலீஸ் காவல் மொத்தம் 15 நாள்தான். ஆனால் முன்பு அதை முதல் 15 நாட்களுக்குள் கேட்டுப் பெற வேண்டும் என்பது நடைமுறை. இப்போது வழக்கைப் பொறுத்து முதல் 40 அல்லது 60 நாட்களில் துண்டு துண்டாகவும் பெறலாம். இதனால், மறுபடியும் போலீஸ் காவலுக்குப் போக நேருமோ என்ற அச்சம் கைதிக்கு நெடுநாள் நீடிக்கும். இது புதிய சட்டத்தின் கடுமையான பக்கம்.

60 நாளில், பெருங்குற்றமானால் 90 நாளில், குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை என்றால் ஜாமீன் கேட்பது கைதியின் உரிமை. மனுப் போட்டுக் கேட்க வேண்டும், கேட்காமல் கிடைக்காது.

மூன்றில் ஒரு பங்கு

புதிய சட்டத்தின் நல்ல பக்கம் 479வது பிரிவு. முதன் முறையாக வழக்கில் சிக்கியவர், அந்தக் குற்றத்துக்குரிய அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலம் சிறையில் கழித்துவிட்டால் அவரைச் சொந்த ஜாமீனில் விட வேண்டும். மற்றவர்களுக்குப் பாதிக் காலம். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் 3 ஆண்டு. ஆகவே நம் உதாரணத்து இளைஞர் ஓராண்டு முடிந்ததும் வெளியே வர வேண்டியவர். கோர்ட்டுக்கு எழுதிப் போடுவது சிறை சூப்பிரண்டின் கடமை. பழைய வழக்குகளில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு கூறியது.

ஆனால் இதே பிரிவில் ஒரு முட்டுக்கட்டையும் இருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட குற்றங்களோ வழக்குகளோ நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை இல்லை. ஒரே ஒரு அடிதடிக்கு மூன்று, நான்கு பிரிவுகளைச் சேர்த்து வழக்குப் பதிவது போலீஸ் நிலையங்களில் அன்றாட வழக்கம். வாசகத்தை அப்படியே கடைப்பிடித்தால், ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்கியதாகிவிடும்.

யார் ஜாமீன் நிற்பது?

பெரிய இடையூறு இனிமேல்தான். ஜாமீன் உத்தரவாகிவிட்டது. 15 ஆயிரம் ரூபாய்க்கு ஒரு நபர் ஜாமீன் என்கிறது கோர்ட்டு. ஜாமீன்தாரர் உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும், ரேஷன் கார்டும் சொத்துச் சான்றும் காட்ட வேண்டும் என்கிறார்கள். இளைஞரின் அண்ணனுக்கு நெல்லையில் வீடும் நிலமும் உண்டு. ஆனால் அது இங்கே செல்லாது. உடன் வேலை செய்பவர்களோ வாடகைக் குடிசைவாசிகள். உத்தரவு கையில் இருந்தும் சிறைக் கதவு திறப்பதில்லை.

ஜாமீன்தாரர் அதே ஊர்க்காரராக இருக்க வேண்டும் என்று பழைய சட்டமும் சொல்லவில்லை. புதிய சட்டமும் சொல்லவில்லை. இது பழக்கத்தில் வந்த விதி. 1978ஆம் ஆண்டு மோதிராம் வழக்கில் இந்தப் பழக்கம் சுப்ரீம் கோர்ட்டின் முன் வந்தது. மத்தியப் பிரதேசத்து ஏழைக் கொத்தனார் ஒருவருக்கு 10 ஆயிரம் ரூபாய் ஜாமீன் கேட்டார்கள். அவருடைய சகோதரர் ஜாமீன் நிற்க வந்தபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்தார்கள். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இதைக் கடுமையாகக் கண்டித்தார். ஒரு தமிழரோ மலையாளியோ தொலைதூர மாநிலத்தில் கைதானால் அந்த ஊரில் சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்று கேட்டார். இப்படிப்பட்ட பிரதேச வேற்றுமை நாட்டின் ஒற்றுமைக்கே ஊறு என்றார். 1,000 ரூபாய் சொந்த ஜாமீனில் அந்தக் கொத்தனாரை விட உத்தரவிட்டார்.

அதற்கு அடுத்த ஆண்டு பீகார் சிறைகளில் நடந்தது வெளிச்சத்துக்கு வந்தது. அதிகபட்ச தண்டனைக் காலத்தைவிட அதிக காலம் விசாரணையின்றிக் கிடந்தவர்கள் அங்கே இருந்தார்கள். ஹுசைனாரா காத்தூன் வழக்கில், தாமதமில்லாத விசாரணை அடிப்படை உரிமை என்று நீதிபதி பகவதி தீர்ப்பளித்தார்.

இவ்வளவுக்குப் பிறகும், 2023ஆம் ஆண்டு ஜனவரி 31ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் அதே விஷயத்தைச் சொல்ல நேர்ந்தது. ஜாமீன் உத்தரவான 7 நாளில் கைதி விடுதலையாகவில்லை என்றால், சிறை சூப்பிரண்டு மாவட்டச் சட்ட உதவிக் குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்தில் ஜாமீன் பத்திரம் தர முடியவில்லை என்றால், கோர்ட்டு தானே முன்வந்து நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று பார்க்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர் வேண்டும் என்ற நிபந்தனையே விடுதலையைத் தாமதப்படுத்துகிறது என்றும், அத்தகைய வழக்குகளில் அதை விதிக்க வேண்டாம் என்றும் அந்த உத்தரவு கூறியது.

45 ஆண்டு இடைவெளியில் ஒரே குறையை இருமுறை சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது. கீழ்க்கோர்ட்டுகளின் பழக்கம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பதற்கு இதுவே சான்று. புதிய சட்டம் எழுதும்போது, வெளிமாவட்ட, வெளிமாநில ஜாமீன்தாரரை அந்தக் காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். அந்த வாய்ப்பு நழுவிவிட்டது.

மொழிச் சிக்கல்

அடுத்தது மொழி. மகாராஷ்டிரத்தில் போலீஸ் நிலைய எழுத்து வேலை மராத்தியில். படிக்கத் தெரியாத காகிதத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் பலர். இதில் ஒரு முன்னேற்றம் ஏற்பட்டிருக்கிறது. கைதுக்கான காரணத்தை எழுத்து மூலம், கைதானவருக்குப் புரியும் மொழியில், ரிமாண்டுக்காக மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்பாவது தர வேண்டும் என்று 2025 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. தராவிட்டால் கைதும் ரிமாண்டும் செல்லாது. அது மகாராஷ்டிரத்திலிருந்து போன வழக்குதான். தமிழ் மட்டும் தெரிந்தவருக்குத் தமிழில் தர வேண்டும் என்பதே இதன் பொருள். சாட்சியம் புரியாத மொழியில் இருந்தால் திறந்த கோர்ட்டில் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும் என்பது முன்பிருந்தே உள்ள விதி.

செய்ய வேண்டியது என்ன?

சட்டம் கெடு வைக்கலாம். விசாரிக்க நீதிபதி வேண்டுமே! 10 லட்சம் மக்களுக்கு 50 நீதிபதிகள் என்ற அளவை 5 ஆண்டில் எட்ட வேண்டும் என்று 2002ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. நாடாளுமன்றத்தில் மத்திய அரசு அண்மை ஆண்டுகளில் சொன்ன கணக்கு ஏறத்தாழ 21தான். இரண்டு வாய்தாவுக்கு மேல் கூடாது, வாதம் முடிந்த 30 நாளில், மிஞ்சினால் 45 நாளில் தீர்ப்பு என்பதெல்லாம் ஆள் பற்றாக்குறையின் முன் எவ்வளவு தூரம் நிற்கும் என்பது சந்தேகமே.

அரசு செய்ய வேண்டியதை அரசு செய்யட்டும். நம்மவர்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியவையும் உண்டு. காவலில் உள்ள எவருக்கும், வருமானம் எவ்வளவானாலும், இலவச வக்கீல் பெற உரிமை உண்டு. 15100 என்ற எண்ணில் சட்ட உதவி கேட்கலாம். ஜாமீனில் விடத்தக்க குற்றமானால், ஒரு வாரத்தில் ஜாமீன்தாரர் கிடைக்காதவரை ஏழை என்று கருதிச் சொந்த ஜாமீனில் விட வேண்டும். மற்ற வழக்குகளில் ஜாமீன்தாரருக்குப் பதில் ரொக்கம் கட்ட அனுமதி கேட்கலாம். கோர்ட்டு வாசலில் கூலிக்கு ஜாமீன் நிற்பவர்களை நம்பிப் போலிச் சான்று கொடுத்தால், இருக்கும் வழக்கோடு இன்னொரு வழக்கும் சேரும்.

தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழா நடத்துகின்றன, பட்டிமன்றம் நடத்துகின்றன. நல்லதுதான். அதோடு, ஜாமீன் நிற்க முன்வரும் நாணயமான உறுப்பினர்களின் பட்டியல் ஒன்றும், மராத்தியும் தமிழும் எழுதப் படிக்கத் தெரிந்த நாலு பேரும் ஒவ்வொரு சங்கத்திலும் இருந்தால், ஜாமீன் உத்தரவு பெற்ற பிறகும் உள்ளே கிடக்கும் பிள்ளைகளில் சிலராவது வீடு திரும்புவார்கள்.